கூப்பிடு தூரத்தில் இரு

திருச்சி

அன்புள்ள மருமகளுக்கு,

நீயும் உன் தோழியும் போட்டிருக்கும் பயணத் திட்டத்தை அக்கா எனக்கு அனுப்பிவைத்தாள். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பினாங்கு, பாடாங் பெசார் வழியாக ரயிலில் தாய்லாந்து, பாங்காக்கிலிருந்து விமானத்தில் ஹோ சி மின் நகரம், பிறகு வீடு. மொத்தம் ஐந்து வாரம். விடுதியில் பொது அறைக் கட்டிலுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, பேருந்துக்கு இவ்வளவு என்று காசுக்குக் காசு கணக்குப் போட்டிருக்கிறாய். போன் என்று எழுதிய இடத்தில் மட்டும் தொகை இல்லை. ‘மாமாவைக் கேட்க வேண்டும்’ என்று குறித்திருக்கிறாய். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனிடம் நீ கேட்டது எனக்கு நிறைவாக இருந்தது. இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

முதலில், எதற்காகச் செலவு செய்கிறோம் என்பதைத் தீர்மானித்துக்கொள். கையில் காசு குறைவாக இருக்கும் பயணத்தில் எந்நேரமும் இணையத்தில் இருக்கப் பார்த்தால் காசும் போகும், பார்க்கப் போன ஊரும் கண்ணில் படாமல் போகும். உனக்கு ஒரு சங்கடம் என்றால் நீ கூப்பிட முடிய வேண்டும். வீட்டில் ஒன்று என்றால் உன்னைக் கூப்பிட முடிய வேண்டும். இந்த இரண்டுக்கும் வேண்டியதைத் தயங்காமல் செலவழி. மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடிக்கலாம். கீழே நான் சொல்வது எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான்.

உன் இந்திய எண்ணிலிருந்து தொடங்குகிறேன். வெளிநாட்டு சிம் வாங்கியதும் நம் ஊர் சிம்மைக் கழற்றிப் பர்ஸில் போட்டுவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. அதைச் செய்யாதே. இன்றைக்கு அந்த எண் பேசுவதற்கு மட்டும் பயன்படுவதில்லை. வங்கி, மின்னஞ்சல், வாட்ஸ்அப், யுபிஐ எல்லாவற்றுக்கும் அதுதான் வீட்டுச் சாவி. அட்டையில் பணம் கட்டினால் ஓடிபி அதற்குத்தான் வரும். யுபிஐ செயலியைப் புதிதாகப் பதிவு செய்ய நேர்ந்தால் அந்த சிம்மிலிருந்துதான் குறுஞ்செய்தி போக வேண்டும். வாட்ஸ்அப் போன்ற செயலிகள், பதிவு செய்த சிம் போனுக்குள் இருந்தால்தான் இயங்க வேண்டும் என்று நம் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவே போட்டிருக்கிறது. ஆகவே ஐந்து வாரமும் அந்த சிம் போனுக்குள்ளேயே இருக்கட்டும்.

அதற்கு மூன்று ஏற்பாடுகள் வேண்டும். ஒன்று, திரும்பி வரும் நாளையும் தாண்டிச் செல்லுபடியாகும்படி ரீசார்ஜ் செய்துவிட்டுக் கிளம்பு. நடுவில் கெடு முடிந்தால் குறுஞ்செய்தி வருவது நின்றுவிடும். இரண்டு, சர்வதேச ரோமிங் வசதியை இங்கே இருக்கும்போதே உன் நிறுவனத்திடம் கேட்டுத் திறந்து வை. ரோமிங்கில் வரும் குறுஞ்செய்திக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. உன் திட்டத்தில் எப்படி என்று அவர்களிடமே உறுதி செய்துகொள். மூன்று, போனின் அமைப்புகளில் அந்த சிம்முக்கு ‘டேட்டா ரோமிங்’ என்பதை அணைத்து வை. ஓடிபி வந்துகொண்டிருக்கும், இணையம் மட்டும் அந்த சிம் வழியாக ஓடாது. இரண்டு சிம் போடும் போன்களில், ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் தானாகவே மற்றொன்றின் டேட்டாவுக்குத் தாவும் வசதி ஒன்று இருக்கும். அதையும் தேடி அணைத்துவிடு. தெரியாமல் ஏறும் பில்லுக்கு அதுவும் ஒரு காரணம்.

இந்திய எண்ணுக்கு வரும் அழைப்பை அங்கே எடுக்காதே. வெளிநாட்டில் நீ எடுத்துப் பேசும் அழைப்புக்கு உனக்கும் கட்டணம் உண்டு. சித்தப்பா, அத்தை, அலுவலகத் தோழிகள் எல்லோரிடமும் “வாட்ஸ்அப்பில் மட்டும் கூப்பிடுங்கள்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போ.

ரோமிங்கில் கட்டணம் ஏன் ஏறுகிறது என்று தெரிந்தால் நீயே எந்த ஊரிலும் யோசித்து முடிவெடுக்கலாம். கோலாலம்பூரில் இறங்கிப் போனைத் திறந்ததும் அது பக்கத்து டவரைப் பிடிக்கும். டவருக்குச் சொந்தக்கார நிறுவனம் உன் சிம்மைப் பார்த்து அது இந்திய சிம் என்று தெரிந்துகொண்டு, இங்குள்ள உன் நிறுவனத்திடம் உன்னைப் பற்றி விசாரிக்கும். “எங்கள் ஆள்தான், அனுமதிக்கலாம்” என்ற பதில் வந்தபிறகே உனக்குச் சேவை கிடைக்கும். அவர்கள் டவரைப் பயன்படுத்தியதற்கு உன் நிறுவனம் அவர்களுக்குப் பணம் தர வேண்டும். அது உன் கணக்கில் ஏறுகிறது. டேட்டாவோ பெரும்பாலும் இந்தியா வரை வந்து, இங்கிருந்து இணையத்துக்குப் போய், வந்த வழியே திரும்புகிறது. அதனால்தான் ரோமிங் பேக் விலையாகவும் சில நேரம் மந்தமாகவும் இருக்கிறது. இரண்டு மூன்று நாள் வேலையாகப் போகிறவர்களுக்கு அது சௌகரியம். ஐந்து வாரம் சுற்றும் உனக்கு அது கட்டுப்படியாகாது.

உனக்கு ஏற்றது அந்தந்த நாட்டு சிம். மலேசியாவில் மேக்ஸிஸ், செல்காம்டிஜி, யூ மொபைல், தாய்லாந்தில் ஏஐஎஸ், ட்ரூ, வியட்நாமில் வியட்டெல், வினாபோன், மொபிபோன் ஆகியவை அந்தந்த ஊரில் எல்லோரும் பயன்படுத்துபவை. மூன்று நாடுகளிலும் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்துதான் சிம் வாங்க வேண்டும். விமான நிலையத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று அடுக்கி வைத்திருக்கும் பேக்குகள் பெரும்பாலும் பெரியவை, விலையும் கூடுதல். முதல் நாள் விமான நிலைய வைஃபையைப் பயன்படுத்தி வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டு, நகருக்குள் போய் நிறுவனத்தின் சொந்தக் கடையில் வாங்கினால் சிறிய பேக் கிடைக்கும். ஆனால் இரவு நேரத்தில் இறங்கினால் இந்தச் சிக்கனம் வேண்டாம். விமான நிலையத்திலேயே வாங்கிவிடு. இரண்டு பெண்கள் நள்ளிரவில் வழிகாட்டி இல்லாமல் ஊருக்குள் போவதைவிடச் சில ரிங்கிட் அதிகம் கொடுப்பது மேல்.

கடையை விட்டு வெளியே வரும் முன் அங்கேயே ஒரு பக்கத்தைத் திறந்து பார், ஒரு அழைப்பு போட்டுப் பார், எத்தனை நாள், எத்தனை ஜிபி, மிச்சத்தைப் பார்க்க என்ன எண் என்று கேட்டு எழுதிக்கொள். உன் பாஸ்போர்ட்டில் பதிவான சிம்மை அங்கே யாருக்கும் கொடுத்துவிட்டு வராதே. “ஊருக்குத்தானே போகிறாய், மிச்ச டேட்டா வீணாகிறதே” என்று விடுதியில் யாராவது கேட்பார்கள். அதை வைத்து அவர்கள் ஏதாவது செய்தால் பதில் சொல்ல வேண்டியவள் நீ.

உன் போன் இ-சிம் ஏற்குமா என்று பார்க்க *#06# அழுத்து. ஐஎம்இஐ எண்களோடு இஐடி என்று ஒரு நீண்ட எண்ணும் தெரிந்தால் ஏற்கும். மூன்று நாடுகளுக்கும் சேர்த்து ஒரே இ-சிம் இணையத்தில் கிடைக்கிறது. எல்லையில் கடை தேட வேண்டாம் என்பது அதன் நன்மை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை டேட்டா மட்டும் தருபவை, உள்ளூர் எண் கிடைக்காது. விடுதிக்கோ பேருந்து நிறுவனத்துக்கோ சாதாரண அழைப்பு போட முடியாது. அதை நிறுவ இணையம் வேண்டும் என்பதால் வீட்டிலேயே நிறுவிக்கொள்ள வேண்டும். ஒருமுறை நிறுவியதை அழித்துவிட்டால் அதே க்யூஆர் குறியீடு பெரும்பாலும் மறுபடி வேலை செய்யாது. இ-சிம் இல்லாத போன் என்றால் இரண்டாவது சிம் குழியைப் பார். சில போன்களில் அந்த இடத்தில் சிம் அல்லது மெமரி கார்டு, இரண்டில் ஒன்றுதான் வைக்க முடியும். கார்டில் இருக்கும் படங்களை வீட்டில் இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பு.

நீங்கள் இருவர் என்பதால் ஒருத்தியின் சிம்மிலேயே ஹாட்ஸ்பாட் போட்டுச் சமாளிக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் ஒருத்தி ஊமையாகிவிடுவாள். ஒருத்தி பெரிய பேக்கும் மற்றவள் வேறு நிறுவனத்தின் மிகச் சிறிய பேக்கும் வாங்குங்கள். ஒன்றுக்குச் சிக்னல் இல்லாத இடத்தில் இன்னொன்றுக்கு இருக்கும்.

ஐரோப்பா போன உன் நண்பன் ஒரே சிம்மில் ஏழெட்டு நாடு சுற்றியதாகச் சொன்னதை எழுதியிருந்தாய். உண்மைதான். ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூன் 15 முதல் தன் உறுப்பு நாடுகளுக்குள் ரோமிங் கூடுதல் கட்டணத்தை எடுத்துவிட்டது. பிரான்ஸில் வாங்கிய சிம் இத்தாலியிலும் நியாயமான அளவு வரை உள்ளூர் விலையிலேயே ஓடும். சுவிட்சர்லாந்து அந்த ஏற்பாட்டில் இல்லை, ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டனுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. நீ போகும் பக்கம் அப்படி ஒரு பொது விதி கிடையாது. ஒவ்வொரு எல்லையும் உனக்குப் புதுக் கணக்கு.

எல்லை என்றதும் பாடாங் பெசார் பற்றிச் சொல்ல வேண்டும். பினாங்குக்கு எதிரே உள்ள பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் போனால் அந்த நிலையத்திலேயே இரு நாட்டுக் குடியேற்றச் சோதனையும் முடியும். மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னே, தாய்லாந்தும் வியட்நாமும் ஒன்றரை மணி முன்னே. எல்லையோரத்தில் போன் எந்த நாட்டு டவரைப் பிடிக்கிறதோ அந்த நாட்டு நேரத்தைக் காட்டக்கூடும். ஒரு மணி நேர வித்தியாசத்தில் தாய்லாந்தின் ஹாட் யாய்க்குப் போகும் ரயிலைத் தவறவிட்டால் அன்றைய திட்டமே குலையும். அன்று ஒருநாள் கையில் சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொள், நிலையச் சுவரில் இருக்கும் கடிகாரத்தையும் பார். மலேசியா வருகை அட்டையை 2024 முதலும் தாய்லாந்து 2025 மே முதலும் இணையத்தில் நிரப்பச் சொல்கின்றன. வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். தாய்லாந்துக்கானதைப் பினாங்கு விடுதியில் வைஃபை இருக்கும்போதே நிரப்பி, ரசீதைப் படமாகச் சேமித்துக்கொள். அரசுத் தளத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் பக்கம் வேறு யாருடையதோ என்று அறிந்து வெளியே வந்துவிடு.

சிக்கனத்தின் பெரும்பகுதி கிளம்பும் முன்பே முடிந்துவிடும். போனின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞையை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதற்கு சிம்மும் தேவையில்லை, டேட்டாவும் தேவையில்லை. வரைபடம் மட்டும் முன்பே போனில் இருந்தால் நீ நிற்கும் இடம் அதில் தெரியும். கூகுள் மேப்ஸில் ஊர்களை இறக்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் இணையம் இல்லாதபோது அது வண்டி ஓட்டும் வழியைத்தான் சொல்லும், நடக்கும் வழியைச் சொல்லாது. நடப்பதற்கு ஆர்கானிக் மேப்ஸ் செயலியையும் இறக்கிக்கொள். மொழிபெயர்ப்புச் செயலியில் மலாய், தாய், வியட்நாமிய மொழிகளைச் சேமித்து வை. விடுதி முகவரிகளை அந்த நாட்டு எழுத்திலேயே படமாக வைத்துக்கொண்டால் ஆட்டோக்காரரிடம் நீட்டலாம்.

வாட்ஸ்அப்பில் படங்களும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்து. குடும்பக் குழுவில் காலை வணக்கப் படங்கள் ஒரு நாளைக்கு எத்தனை வரும் என்று உனக்கே தெரியும். புகைப்படங்கள் கிளவுடுக்கு ஏறுவதும் செயலிகள் புதுப்பிக்கப்படுவதும் வைஃபையில் மட்டும் நடக்கட்டும். வீடியோ அழைப்பு குரல் அழைப்பைவிடப் பல மடங்கு டேட்டா தின்னும். அதை விடுதி வைஃபைக்கு வைத்துக்கொள். வங்கி வேலையை மட்டும் பொது வைஃபையில் செய்யாதே, உன் சொந்த டேட்டாவில் செய். 2020 மார்ச் முதல் நம் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிதாகத் தரும் அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நீயே இயக்கிவிட வேண்டும், அதையும் கிளம்பும் முன்பே செய்.

மலேசியாவில் வாட்ஸ்அப் போதும். தாய்லாந்தில் விடுதிக்காரரும் படகுக்காரரும் லைன் செயலியில்தான் பேசுவார்கள், வியட்நாமில் சாலோ. ஓடிபி சிரமமில்லாமல் வரும் நம் ஊரிலேயே இரண்டிலும் பதிவு செய்துகொள். கிராப் செயலி மூன்று நாடுகளிலும் வண்டி பிடிக்க உதவும். உன் போனில் இருக்கும் எண்களில் பாதி வெறும் பத்து இலக்கமாக இருக்கும். வெளிநாட்டு சிம்மிலிருந்து அவை போகாது. அம்மா, அப்பா, நான், உன் மேலாளர், வங்கி ஆகிய எல்லா எண்களுக்கும் முன்னால் +91 சேர்த்துச் சேமி. அவசர எண்களையும் போட்டுக்கொள்: மலேசியாவில் 999, தாய்லாந்தில் காவல்துறைக்கு 191, சுற்றுலாக் காவல்துறைக்கு 1155, ஆம்புலன்ஸுக்கு 1669, வியட்நாமில் காவல்துறைக்கு 113, ஆம்புலன்ஸுக்கு 115.

இவ்வளவையும் ஒரு போனுக்குள் வைத்துவிட்டு அது தொலைந்தால் என்ன செய்வாய் என்பதையும் யோசித்திருக்க வேண்டும். பாக்கெட் நோட்டு ஒன்றில் ஐந்து போன் எண்கள், பாஸ்போர்ட் எண், ஐஎம்இஐ எண், கோலாலம்பூர் இந்திய ஹை கமிஷன், பாங்காக் தூதரகம், ஹோ சி மின் நகரத் துணைத் தூதரகம் ஆகியவற்றின் எண்களை எழுது. அதேபோல ஒரு தாள் உன் தோழியின் பையிலும் இருக்கட்டும். கூகுள் கணக்கில் பத்து மாற்றுக் குறியீடுகள் தருவார்கள், ஒவ்வொன்றும் ஒருமுறை உதவும். அச்சிட்டுப் பாஸ்போர்ட்டோடு வை. இந்திய எண் கையில் இல்லாத நிலையில் மின்னஞ்சலுக்குள் நுழைய உனக்கு அதுதான் வழி. வாட்ஸ்அப்பில் ஆறு இலக்கப் பின் போட்டு வை. பவர் பேங்க் கையோடு கொண்டுபோகும் பையில்தான் இருக்க வேண்டும், 100 வாட்-மணிக்கு உட்பட்டது, அதாவது ஏறத்தாழ 27,000 எம்ஏஹெச் வரை, போதும். விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தச் சில நிறுவனங்கள் 2025 முதல் தடை போட்டிருக்கின்றன. மலேசியாவில் மூன்று தட்டைக் கால் பிளக் என்பதால் ஒரு அடாப்டர் வேண்டும்.

அடுத்து நான் சொல்வதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதே. தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்று நம்பிப் போய், எல்லை கடத்தி மியான்மாருக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022-இல் மீட்கப்பட்டு வந்தார்கள். கம்போடியாவிலும் இப்படிப்பட்ட கூடங்கள் உண்டு. அங்கே முதலில் பிடுங்கப்படுபவை பாஸ்போர்ட்டும் போனும்தான். விடுதியில் பழகியவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும், “பக்கத்தில் ஒரு வேலை இருக்கிறது, வந்து பார்” என்றால் போகாதே. போனைக் கொடு என்று கேட்கும் இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்காதே. உனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் அந்தச் சொல் வந்தால் நீ ஆபத்தில் இருக்கிறாய் என்று அவளுக்குத் தெரியட்டும். உன் குரலைப் போலப் பேசி யாராவது பணம் கேட்டாலும், அந்தச் சொல்லைக் கேட்டு நீதானா என்று அவள் சோதித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, எந்தக் கடையிலும் கிடைக்காத ஒரு ஏற்பாடு. அதை அம்மாவோடு உட்கார்ந்து நீதான் செய்ய வேண்டும். நீ மதுரைக்குப் போனாலே மணிக்கொருமுறை கூப்பிடுபவள் அவள். ஐந்து வாரம் அப்படி நடக்காது. நடக்க வேண்டும் என்று அவள் எதிர்பார்த்தால், பேட்டரி தீர்ந்த ஒரு மாலைப் பொழுது அவளுக்கு நரகமாகிவிடும். அவளிடம் நேரம் குறித்துச் சொல். நம் நேரம் இரவு 7 மணி என்று வைத்துக்கொள். கோலாலம்பூரில் ஒன்பதரை, பாங்காக்கிலும் ஹோ சி மின்னிலும் எட்டரை. அந்த நேரத்துக்கு நீ விடுதிக்கு வந்திருப்பாய், வைஃபை இருக்கும், முகம் பார்த்துப் பேசலாம். காலையில் ஒரு வரிக் குறுஞ்செய்தி: இன்று எங்கே போகிறேன், எங்கே தங்குகிறேன். பயண நாட்களில் சிக்னல் இருக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடு. சொல்லிவைத்த மௌனம் யாரையும் பயமுறுத்தாது. நெடும்பயண நாட்களில் வாட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடம் பகிரலாம், அதிகபட்சம் எட்டு மணி நேரம் ஓடும்.

தகவல் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் வரிசையாக எழுதி அவளிடம் கொடு. ஒரு மாலை தவறினால் காத்திருக்கட்டும். மறுநாள் காலைச் செய்தியும் வரவில்லை என்றால் உன் தோழிக்கு, பிறகு விடுதிக்குக் கூப்பிடட்டும். அன்று மாலையும் இல்லை என்றால் எனக்குச் சொல்லட்டும், தூதரகத்தோடு நான் பேசுகிறேன். வெளியுறவுத் துறையின் மதத் இணையதளத்தில் எப்படிப் புகார் பதிவது என்பதை நான் பார்த்து வைத்துக்கொள்கிறேன். கையில் இப்படியொரு வரிசை இருந்தால் அம்மாவும் நிதானமாக இருப்பாள், நீயும் மலையேறும்போது போனைப் பையில் போட்டுவிட்டு நிம்மதியாக ஏறலாம். அவளுக்காக நீ செய்யும் இந்த ஏற்பாடு உனக்கும் விடுதலைதான்.

செலவு என்று எவ்வளவு எழுதுவது என்று கேட்டாயே. மூன்று நாட்டு சிம், இந்திய எண்ணின் ரீசார்ஜ், ஒரு அடாப்டர், ஒரு நோட்டு ஆகிய இவற்றின் விலையைக் கூட்டிப் பார். அதற்கு மேல் ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி ‘அவசரத்துக்கு’ என்று எழுதி வை. ஆபத்து வேளையில் இந்திய சிம்மின் டேட்டாவைத் திறக்க வேண்டியிருந்தால் அந்தப் பணத்தை நினைத்துத் தயங்கக் கூடாது. அது செலவாகாமல் திரும்பி வந்தால் அம்மாவுக்கு ஏதாவது வாங்கி வா.

இந்த ஞாயிற்றுக்கிழமை ரோமிங் கோரிக்கையைப் போட்டுவிடு. அன்று சாயங்காலமே அம்மாவோடு உட்கார்ந்து நேரத்தையும் அந்த வரிசையையும் எழுதி முடித்து, ஒரு பிரதியை எனக்கு அனுப்பு. நல்லபடியாகப் போய், கண் குளிரப் பார்த்துவிட்டு வா.

அன்புடன்,
உன் மாமா